திடீரென அணையும் கணனியும் வன்தட்டு வழுக்களும்

முற்காலத்தில் எமது வீடுகளில் பெட்டகம் ஒன்று இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், திருமணப் படம், வெளியூரிலிருந்து வந்த கடிதங்கள் ஆகிய யாவும் அதனுள்ளே பூட்டி வைக்கப்படும். இன்று அப்பெட்டகத்தின் இடத்தை வீட்டுக் கணனி பிடித்துக்கொண்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு தட்டினுள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை நினைவுகள் அடங்கிவிடுகின்றன. போரினாலும் இடப்பெயர்வினாலும் வீட்டையும் பெட்டகத்தையும் விட்டு வந்த குடும்பங்களுக்கு இது மேலும் பொருந்தும். ஊரில் இருந்த மூலப்படம் அழிந்துவிட்டது. உறவினர் ஒருவர் அனுப்பிய அதன் பிரதியே இப்போது மூலமாகிவிட்டது. ஆகவே, கணனி பழுதுபடும்போது நாம் இழக்க நேர்வது ஒரு கருவியை மட்டுமன்று.

கணனி திடீரென அணைந்துபோதல், வன்தட்டில் வழு உண்டென்று திரையில் அறிவிப்புத் தோன்றுதல் ஆகிய இரண்டும் வீடுகளில் அடிக்கடி நேர்பவை. இவற்றுக்கான காரணங்களை அறியும் முறையையும், செய்யத்தக்கன, தகாதன என்பவற்றையும் மாணவரும் பெற்றோரும் விளங்கிக்கொள்ளும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதிற் கூறப்படுபவை பலவாயினும் அவற்றுள் தலையாயது ஒன்றே: பழுதுபார்த்தல் பின்னர், பிரதியெடுத்தல் முன்னர்.

வன்தட்டு இயங்கும் விதம்

முதலாவது வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956 ஆம் ஆண்டில் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அப்பெரிய இயந்திரம் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்கியது. இன்று நாம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரேயொரு படத்துக்கே அது போதாமற் போகலாம். அளவு சுருங்கி, கொள்ளளவு பெருகியபோதிலும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். அதன் மேற்பரப்பைத் தொடாது, ஆனால் தொடுவதுபோன்ற அண்மையில், எழுதி வாசிக்கும் முனை மிதந்து செல்லும். இவ்விடைவெளி சில நனோமீற்றர் மட்டுமே. எமது தலைமயிரின் தடிப்பு அதனைப் போலப் பல்லாயிரம் மடங்காகும். இயங்கிக்கொண்டிருக்கும் வன்தட்டை அசைத்தலும் தட்டுதலும் ஏன் ஆகாதென்பது இதனால் விளங்கும்.

அண்மைக்கால மடிக்கணனிகளுட் பெரும்பாலானவற்றில் சுழலும் தட்டு இல்லை. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம் உள்ளது. இதில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. தகவல் நுண்ணிய மின்கூறுகளில் ஏற்றமாகத் தேக்கி வைக்கப்படுகிறது. வேகமும் அதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றலும் இதற்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு மின்கூறும் குறிப்பிட்ட தடவைகளே எழுதி அழிக்கத்தக்கது. மேலும், சுழலும் தட்டு பழுதுபடுமுன் பெரும்பாலும் ஓசையாலோ மந்தத்தாலோ முன்னறிவிப்புத் தரும். எஸ்.எஸ்.டி. சில வேளைகளில் எவ்வித அறிகுறியுமின்றி ஒரே கணத்தில் ஓய்ந்துவிடும். ஆதலால் புதிய வகை என்று எண்ணிக் கவலையற்றிருத்தல் தகாது.

திடீர் நிறுத்தம் செய்யும் தீங்கு

நாம் ஒரு கட்டுரையைச் சேமிக்கும்போது அது அக்கணமே தட்டிற் பதிந்துவிடுகிறது என்று எண்ணுகிறோம். உண்மையில், வேகத்துக்காகக் கணனி அதனை முதலில் தற்காலிக நினைவகத்தில் வைத்துச் சிறிது நேரத்தின் பின்னரே தட்டில் எழுதுகிறது. அத்துடன், எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்னும் அட்டவணையையும் திருத்துகிறது. நூலகத்தில் புத்தகத்தை அடுக்கில் வைப்பவர், நூற்பட்டியலிலும் அதனைப் பதிவுசெய்ய வேண்டும் அல்லவா? புத்தகத்தை வைத்தபின், பட்டியலில் எழுதுமுன் விளக்கு அணைந்தால் என்ன நேரும்? புத்தகம் அங்கேதான் இருக்கும், தேடுவோருக்குக் கிடையாது. மின் தடைப்படும்போது கணனியில் நேர்வதும் இத்தகையதே.

இக்குறையைத் தீர்ப்பதற்கு வணிகர்களின் வழியொன்றைக் கணனியாளர்கள் கையாண்டனர். கடைக்காரர் கொடுக்கல் வாங்கலை முதலில் நாளேட்டிற் குறித்துவிட்டுப் பின்னரே பேரேட்டுக்கு மாற்றுவார். இடையில் தடங்கல் ஏற்பட்டால் நாளேட்டைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். விண்டோஸ் இன்று பயன்படுத்தும் என்.ரி.எஃப்.எஸ். என்னும் கோப்பு ஒழுங்கமைப்பு 1993 இல் அறிமுகமானது. அது அட்டவணை மாற்றங்களை இவ்வாறே முற்குறிப்பாக எழுதி வைக்கிறது. ஆகையால் ஒரு மின்தடையால் முழுத்தட்டும் குழம்பிவிடுதல் இக்காலத்தில் அரிது. ஆயினும் அந்நேரம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு சிதையலாம். பென் டிரைவ் போன்றவற்றில் பெரும்பாலும் இந்த முற்குறிப்பு ஏற்பாடு இல்லை. அவற்றை உரியமுறையில் விடுவித்த பின்னரே கழற்ற வேண்டுமென்று கூறப்படுவது இதனாலேயே.

மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துக் கணனியை அணைத்தலும் மின்தடைக்கு ஒப்பானதே. கணனி முற்றாக உறைந்து, வேறு வழி இல்லாதபோது மட்டுமே அதனைச் செய்தல் வேண்டும்.

வழு இருவகைப்படும்

வன்தட்டு வழுக்களை ஒழுங்கமைப்பு வழு என்றும் பௌதிக வழு என்றும் இரண்டாகப் பிரிக்கலாம். அட்டவணை குழம்புதல் ஒழுங்கமைப்பு வழுவாகும். தட்டு நலமாகவே இருக்கும். பட்டியலைத் திருத்தினாற் போதும். தட்டின் மேற்பரப்போ, முனையோ, மின்கூறோ தேய்ந்தும் சிதைந்தும் போதல் பௌதிக வழுவாகும். இதனை எந்த மென்பொருளாலும் குணப்படுத்த முடியாது. கெட்டுப்போன பகுதியை ஒதுக்கிவைத்துக் கணனி சிறிது காலம் ஓடலாம். ஆனால் தேய்வு நிற்பதில்லை.

இவ்விரண்டும் திரையில் ஒரேவிதமாகவே தோன்றலாம். கோப்பைத் திறக்கப் பல நிமிடங்கள் செல்லுதல், கோப்புகளின் பெயர்கள் விசித்திரக் குறிகளாக மாறுதல், கணனி தொடங்கும்போது தானாகவே தட்டுச் சோதனை நடைபெறுதல், தட்டைப் பயன்படுத்துமுன் ‘ஃபோர்மற்’ செய்யவேண்டும் என்னும் அறிவிப்புத் தோன்றுதல் ஆகியன பொதுவான அறிகுறிகளாம். ஆனால், தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்றோ உராய்வது போன்றோ ஓசை கேட்குமாயின் அது பௌதிக வழுவுக்கான வலுவான சான்று.

முதலிற் செய்யவேண்டியது

வழு இன்ன வகையினது என்பது தெரியாதவரை அதனைப் பௌதிக வழுவாகவே கருதி நடத்தல் பாதுகாப்பானது. தேய்ந்துவரும் தட்டு இன்னும் எத்தனை மணிநேரம் உழைக்கும் என்பது எவருக்கும் தெரியாது. அந்த மணிநேரங்களைச் சோதனையிலும் திருத்தத்திலும் செலவிட்டுவிட்டு, இறுதியில் பிரதியெடுக்க முற்படும்போது தட்டு ஓய்ந்துவிடக்கூடும். மேலும், திருத்தும் மென்பொருள் அட்டவணையை ஒழுங்குபடுத்தும்போது, உரிமை தெரியாத துண்டுகளைக் கோப்புகளிலிருந்து பிரித்துத் தனியே ஒதுக்குவதும் உண்டு. மீட்கத்தக்கதாயிருந்தது அதன்பின் மீட்க அரியதாகிவிடும். எனவே பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்க.

1. ஃபோர்மற் செய்யுமாறு கேட்டால் உடன்படாதீர்கள். ‘கான்சல்’ என்பதை அழுத்துங்கள்.

2. மீண்டும் மீண்டும் அணைத்து இயக்காதீர்கள். ஓசை கேட்கும் தட்டாயின் உடனே நிறுத்திவிடுங்கள்.

3. கணனி இயங்குமாயின் வேறொரு வெளித்தட்டை இணைத்து, ஈடுசெய்ய முடியாதவற்றை முதலிற் பிரதிசெய்யுங்கள். குடும்பப் படங்கள், பெரியோரின் குரற்பதிவுகள், சான்றிதழ்களின் பிரதிகள், பிள்ளைகளின் ஆக்கங்கள் என்பன முன்னிற்க வேண்டியவை. மென்பொருள்களையும் திரைப்படங்களையும் மீண்டும் பெற்றுக்கொள்ளலாம்.

4. விண்டோஸ் தொடங்காவிடின் தட்டு அழிந்துவிட்டது என்று முடிவுசெய்யாதீர்கள். தட்டைக் கழற்றி யூ.எஸ்.பி. இணைப்பி மூலம் மற்றொரு கணனியிற் பொருத்தலாம். அல்லது, லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி அதன்வழியே கணனியை இயக்கிக் கோப்புகளைப் பிரதியெடுக்கலாம்.

5. மீட்ட கோப்புகளைப் பழுதுபட்ட அதே தட்டில் ஒருபோதும் எழுதாதீர்கள்.

நான்காவது வழிக்குத் தடையொன்று உண்டு. அண்மைக்கால விண்டோஸ் கணனிகள் பல, பிற்லொக்கர் என்னும் முறையால் தட்டைத் தாமாகவே பூட்டி வைக்கின்றன. அத்தகைய தட்டை வேறொரு கணனியில் திறப்பதற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் வேண்டும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கிற் பதிந்திருக்கும். கணனி நலமாக உள்ள இன்றே அதனைத் தேடிக் காகிதத்தில் எழுதி, கடவுச்சீட்டுகளுடன் வைத்துக்கொள்ளுங்கள். திறவுகோல் இல்லையேல், தட்டு முழுநலத்துடன் இருந்தாலும் அதிலுள்ளவற்றை எவராலும் வாசிக்க இயலாது.

தட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தல், மேசையில் தட்டுதல், மூடியைத் திறந்து பார்த்தல் முதலிய வைத்தியங்களை எவரேனும் சொல்லக் கேட்டிருக்கலாம். இவற்றால் எஞ்சியிருப்பதும் கெடும். தட்டின் உட்புறத்தைத் தூசியற்ற சிறப்புக் கூடத்திலேயே திறத்தல் வேண்டும். விலைமதிக்க முடியாத பதிவு எனில் தரவு மீட்கும் தொழில்வல்லுநரிடம் ஒப்படைத்தலே நன்று. அதற்குச் செலவு மிகுதியாகும் என்பதையும் வெற்றி நிச்சயமன்று என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

திடீர் நிறுத்தத்தின் காரணத்தைக் காணுதல்

பிரதி கைக்கு வந்த பின்னர் அமைதியாகக் காரணத்தை ஆராயலாம். எப்போது அணைகிறது, என்ன செய்துகொண்டிருக்கும்போது அணைகிறது, எவ்வாறு அணைகிறது என்னும் மூன்று கேள்விகளுக்குமான விடைகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள். மூன்று நான்கு தடவைகளிலேயே ஓர் ஒழுங்கு புலப்படும்.

விளையாட்டோ காணொளித் தொகுப்போ நடக்கும்போது, விசிறி இரைந்து, சிறிது நேரத்தில் அணைந்தால் வெப்பமே காரணமாகலாம். ஏறத்தாழ 100 பாகை செல்சியசை எட்டும்போது கணனியின் செயலி முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாவிடின் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். காற்றுத் துளைகளில் தூசி அடைந்திருத்தலும், மடிக்கணனியைக் கட்டிலிலும் போர்வையிலும் வைத்துப் பயன்படுத்துதலும் இதற்குப் பொதுவான காரணங்கள். கணனியை நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றிய பின் தூசியை அகற்றுக. சமதளத்தில் வைத்துப் பயன்படுத்துக.

மின்னிணைப்பைக் கழற்றியவுடன் மடிக்கணனி அணையுமாயினும், பற்றரியில் 30 வீதம் உள்ளதெனக் காட்டிக்கொண்டே அணையுமாயினும் பற்றரி முதுமையடைந்துவிட்டது. பற்றரி வீங்கி, விசைப்பலகையோ அடிப்பாகமோ மேலெழுந்திருக்குமாயின் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அழுத்தவும் துளைக்கவும் வேண்டா. அதனை வீட்டுக் குப்பைத் தொட்டியிலோ மீள்சுழற்சித் தொட்டியிலோ இடலாகாது. குப்பை வண்டிகளில் தீப்பற்றுவதற்கு இத்தகைய பற்றரிகள் காரணமாகின்றன. பற்றரிகளுக்கென ஏற்படுத்தப்பட்ட சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.

மேசைக்கணனி எவ்வேலையும் இல்லாதபோதும் அணைந்தால் மின்வழங்கியிலோ செருகியிலோ குறை இருக்கலாம். ஒக்லாந்தின் குளிர்காலத்தில் இதற்கு வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. 10 அம்பியர் அளவுடைய பல்செருகிப் பலகை ஏறத்தாழ 2,300 வாற்று வரையே தாங்கும். 2,000 வாற்று வெப்பமூட்டியையும் கணனியையும் ஒரே பலகையிற் செருகினால் அதன் பாதுகாப்புப் பொறி விழுந்து கணனி அணையலாம்; பலகை சூடேறித் தீவிபத்தும் நேரலாம். வெப்பமூட்டியை எப்போதும் சுவரிலுள்ள செருகியில் நேரடியாகவே பொருத்துக. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எவரும் திறக்கக்கூடாது. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். மாணவர்கள் இதனை நன்கு மனத்திற் கொள்க.

அணையுமுன் நீலத்திரை தோன்றினால் அது மின்சாரக் குறையன்று. நினைவகமோ, இயக்கி மென்பொருளோ, தட்டோ காரணமாகலாம். திரையிலுள்ள குறியீட்டைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்து வைத்தல் பின்னர் உதவும்.

விண்டோஸ் தன் நாட்குறிப்பையும் எழுதுகிறது. ‘ஈவன்ற் வியூவர்’ என்னும் பகுதியைத் திறந்து ‘சிஸ்டம்’ என்பதன்கீழ்ப் பாருங்கள். 41 அல்லது 6008 என்னும் இலக்கம் இருந்தால், கணனி ஒழுங்காக மூடப்படாமல் நின்றது என்பது பொருள். ஏன் நின்றது என்பதை அவ்விலக்கம் சொல்லாது. ‘டிஸ்க்’ என்ற பெயருடன் 7 என்னும் இலக்கம் இருந்தால் தட்டில் கெட்ட பகுதி காணப்பட்டது என்று பொருள்.

வன்தட்டைச் சோதித்தல்

பெரும்பாலான தட்டுகள் தமது உடல்நிலையைத் தாமே பதிவுசெய்கின்றன. இவ்வேற்பாடு ‘ஸ்மார்ட்’ எனப்படும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் இப்பதிவை வாசித்துக் காட்டும். சுழலும் தட்டுகளில் மூன்று வரிகளைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் தொகை, ஐயத்துக்குரியனவாய்க் காத்திருக்கும் பகுதிகளின் தொகை, திருத்த முடியாத பகுதிகளின் தொகை என்பனவே அவை. இவை வாரந்தோறும் உயருமாயின் அத்தட்டை இனி நம்புதல் ஆகாது. இவை பூச்சியமாயிருந்து, தகவற் பரிமாற்ற வழு மட்டும் உயருமாயின், மேசைக்கணனியினுள் தட்டை இணைக்கும் வடமே குறையுடையதாகலாம். சில டொலர் பெறுமதியான வடத்தை மாற்றினால் நோய் தீரும். ஆனால், ஸ்மார்ட் நலமென்று கூறுவது உத்தரவாதமாகாது. எல்லாம் நலமென்று காட்டிய மறுநாளே ஓய்ந்த தட்டுகளும் உண்டு.

அதன்பின் ஒழுங்கமைப்பைச் சோதிக்கலாம். விண்டோசில் குறித்த தட்டின் மேல் வலச்சொடுக்குச் செய்து, ‘புரொப்பர்ட்டீஸ்’, ‘டூல்ஸ்’, ‘செக்’ என்னும் வரிசையிற் செல்லுக. மக் கணனியில் ‘டிஸ்க் யூற்றிலிற்றி’ என்பதனுள் ‘ஃபேர்ஸ்ட் எய்ட்’ உள்ளது. ஒருமுறை திருத்தியபின் வழு மீண்டும் தோன்றாவிடின் அது மின்தடையால் வந்த குழப்பமே. திரும்பத் திரும்பத் தோன்றினால் தட்டை மாற்றுக.

புதிதாக வாங்கிய கணனி பழுதுபடின் நியூசிலாந்தின் 1993 ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டத்தை நினைவிற் கொள்க. வீட்டுப் பாவனைக்கான பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டுமென்பது அச்சட்டத்தின் கருத்து. உற்பத்தியாளரின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்பதனால் மட்டும் விற்றவரின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. பற்றுச்சீட்டைப் பேணி வைப்பீர்களாக. எனினும், கணனியைத் திருத்தக் கொடுக்குமுன் உள்ளிருப்பவற்றைப் பிரதியெடுத்தல் உங்கள் பொறுப்பு. திருத்துவோர் தட்டை முற்றாக அழித்தோ மாற்றியோ கொடுக்கக்கூடும்.

வழுப் போலத் தோன்றுவன

இருவகை அறிவிப்புகள் எம்மவரைப் பெரிதும் மருட்டுகின்றன. 1990களிலும் அதன் பின்னரும் எமது சங்கங்களும் பாடசாலைகளும் பாமினி முதலிய எழுத்துருக்களில் ஏராளமான கட்டுரைகளைத் தட்டச்சுச் செய்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அக்கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே தோன்றும். கோப்புக் கெட்டுவிட்டதென்று கருதி அழித்துவிடாதீர்கள். அது தட்டு வழுவன்று. உரிய எழுத்துருவை நிறுவினால் வாசிக்கலாம்; மாற்றி மென்பொருள் மூலம் ஒருங்குறிக்கு மாற்றினால் எக்கணனியிலும் வாசிக்கலாம். பழைய மலர்களையும் நாடகப் பிரதிகளையும் வைத்திருப்போர் இம்மாற்றத்தைக் காலந்தாழ்த்தாது செய்தல் நன்று.

மற்றையது வஞ்சகம். இணையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ‘உங்கள் தட்டில் வழு உள்ளது, உடனே இந்த இலக்கத்தை அழையுங்கள்’ என்னும் அறிவிப்பு ஓசையுடன் தோன்றலாம். எவரேனும் தொலைபேசியில் அழைத்தும் அவ்வாறு கூறலாம். உண்மையான வழு அறிவிப்பில் தொலைபேசி இலக்கம் இருப்பதில்லை. வீட்டிலுள்ள தாத்தா, அம்மம்மாவுக்கு இதனைப் பிள்ளைகளே எடுத்துச் சொல்ல வேண்டும்.

1998 ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

பிரதி ஒன்று இருந்தாற் போதுமா என்னும் கேள்விக்கு எமது நகரின் வரலாறே விடை தருகிறது. ஒக்லாந்து நகர மையத்துக்கு நான்கு பிரதான நிலத்தடி வடங்கள் மின்சாரத்தைக் கொண்டு சென்றன. அவற்றுள் இரண்டு பழைய, வாயு நிரப்பப்பட்ட வடங்கள். 1998 ஜனவரி 22 ஆந் திகதி அவற்றுள் ஒன்றும், பெப்ரவரி 9 ஆந் திகதி மற்றையதும் பழுதுபட்டன. எஞ்சிய இரண்டும் சுமையைத் தாங்கின. பெப்ரவரி 19, 20 ஆந் திகதிகளில் அவையும் ஓய்ந்தன. ஏறத்தாழ ஐந்து வாரங்கள் நாட்டின் மிகப்பெரிய வணிக மையம் மின்பிறப்பாக்கிகளின் உதவியுடன் தத்தளித்தது. அவசரமாக ஒரு மேல்நிலை மின்கம்பித் தொடர் அமைத்த பின்னரே நிலைமை சீரடைந்தது.

நான்கு வடங்கள் இருந்தும் நகரம் ஏன் இருண்டது? எண்ணிக்கையிற் குறையில்லை. ஆனால் ஒரே உலர்ந்த கோடை, ஒருவர் விட்ட சுமையை மற்றவர் சுமத்தல் என்று அவற்றின் விதிகள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. ஒரே நாளில் வாங்கிய இரண்டு வெளித்தட்டுகளில் ஒரே படங்களைப் பதித்து, கணனிக்கு அருகில் ஒரே இழுப்பறையில் வைப்பவரும் இந்நிலையிலேயே உள்ளார். 2023 ஜனவரி 27 ஆந் திகதி ஒக்லாந்திற் பெருமழை பொழிந்து பல வீடுகளுள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய நாளில் கணனியும் அதன் பிரதியும் ஒன்றாகவே நனையும். தீயும் திருட்டும் அவ்வாறே.

ஆகவேதான் கணனியாளர்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விதியைக் கூறுகின்றனர். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். கணனியில் உள்ளது முதலாவது. வெளித்தட்டில் உள்ளது இரண்டாவது. பதித்து முடிந்ததும் இதனைக் கணனியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். இணைந்தே இருப்பின் நச்சுநிரல் தாக்கும்போது இதுவும் கெடும். முகிற் சேமிப்பிலோ வெலிங்டனிலுள்ள மாமா வீட்டிலோ இருப்பது மூன்றாவது. இங்கு ஒரு எச்சரிக்கை: முகிற் சேமிப்புகள் சில, கணனியுடன் ஒத்தியங்குபவை. கணனியில் அழித்தது அங்கும் அழியும். அழித்தவற்றை எத்தனை நாள் மீட்கலாமென்பதை முன்னரே அறிந்து வைத்தல் வேண்டும்.

மின்தடையிலிருந்து காக்க யூ.பி.எஸ். எனப்படும் இடைக்கால மின்வழங்கியையும் வைக்கலாம். அது மணிக்கணக்கில் உழைப்பதற்கன்று; கணனியை ஒழுங்காக மூடுவதற்குச் சில நிமிடங்களைத் தருவதற்கே.

படியெடுத்தல் எமது மரபு

பிரதியெடுத்தல் எமக்குப் புதியதன்று. பனையோலை அழியுமென்பதை எம் முன்னோர் அறிந்திருந்தனர். எனவே ஏட்டைப் பெயர்த்தெழுதுவதைத் தலைமுறைதோறும் செய்யவேண்டிய கடமையாகக் கொண்டனர். பெயர்த்தெழுதுவார் இல்லாத நூல்கள் மறைந்தன, எழுதப்பட்டவை நிலைத்தன. சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளை ஊரூராய்த் தேடி ஒப்புநோக்கினார். அவர் 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியதனால் அது ஒன்று பலவாகி எங்கும் பரவியது. 1981 மே 31 ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறிடத்திற் பிரதியிருந்தவற்றைத் தேடிப் பெற முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் திரும்பி வரவில்லை. 2005 ஆம் ஆண்டிலிருந்து நூலகத் திட்டத்தினர் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி இணையத்தில் ஏற்றி வருவது இந்த அனுபவத்தின் வழிவந்த பணியே எனலாம்.

ஓலை சில நூற்றாண்டு தாங்கியது. வன்தட்டோ சில ஆண்டுகளே தாங்கும். ஆகையால் முன்னோர் தலைமுறைக்கு ஒருமுறை செய்ததை நாம் ஆண்டுக்கு இருமுறையேனும் செய்தல் வேண்டும். நியூசிலாந்தில் ஏப்ரல் மாத முதல் ஞாயிறன்றும் செப்டெம்பர் மாத இறுதி ஞாயிறன்றும் கடிகாரத்தை மாற்றுகிறோம். வீட்டுப் புகை எச்சரிப்பானைச் சோதிக்கும் அந்த இரு நாட்களிலும் பிரதிகளையும் புதுப்பித்துக்கொள்ளலாம். புதுப்பித்தால் மட்டும் போதாது. பிரதியிலிருந்து ஒரு படத்தையும் ஒரு குரற்பதிவையும் ஒரு கட்டுரையையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்கப்படாத பிரதியைப் பிரதியென்று எண்ண முடியாது. தட்டின்மேல் ஒரு தாளை ஒட்டித் திகதியையும் உள்ளடக்கத்தையும் தமிழில் எழுதி வையுங்கள்.

மாணவச் செல்வங்களே, இப்பணியை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு நேரமில்லாதிருக்கலாம், பேரனாருக்கும் பேத்தியாருக்கும் கணனி பழக்கமில்லாதிருக்கலாம். அவர்களை அருகில் இருத்திப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, படத்தில் உள்ளவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு, அக்கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். தட்டில் உள்ள படத்தைப் பிரதி காக்கும். படத்தில் உள்ளவரின் பெயர் பெரியோரின் நினைவில் மட்டும் இருந்தால், அதற்குப் பிரதி எடுக்க வல்லவர்கள் நீங்களே.